மார்கழிக்குப் பட்டா போட்டவர்கள்

அரசியல் நுழைந்தால் இசை கெட்டுவிடும் என்று சென்ற இதழில் ஒரு மயிலாப்பூர் ரசிகர் நீளமாக எழுதியிருக்கிறார். டிசம்பர் சீசனைப் பல ஆண்டுகளாகத் தவறவிடாதவர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இத்தனை சீசன் கேட்டவருக்கு, தான் உட்கார்ந்து கேட்ட நாற்காலி எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அவர் வாதத்தை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு பாடுவது பாட்டே இல்லை, தாளம் போட்ட துண்டறிக்கை. பேசுவது கொச்சைத் தமிழ். பின்னால் இருப்பது சினிமாப் பணம். உண்மையான எதிர்ப்பிசை வேண்டுமென்றால் ஸ்பெயின் நாட்டு பங்க் ராக் குழுக்களைப் பார்க்க வேண்டும். நாற்பது வருடமாக யாருக்கும் தலைவணங்காமல் பாடுகிறார்கள். இங்கே இவர்கள் செய்வதெல்லாம் நாம் மறந்துபோன சாதியைக் கிளறிவிடுவது. ஆகவே எங்கே வேண்டுமானாலும் பாடட்டும், மார்கழியை மட்டும் விட்டுவிடட்டும்.

மார்கழியிலிருந்தே ஆரம்பிப்போம்.

1927 டிசம்பர். சென்னையில் இந்திய தேசிய காங்கிரஸின் மாநாடு. தலைவர் எம்.ஏ. அன்சாரி. முழு விடுதலையே லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றிய மாநாடு அது. அதை ஒட்டியே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அந்த இசை மாநாட்டில் எடுத்த முடிவின்படி பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்டில் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ், காங்கிரஸ்காரர். இன்றைய டி.டி.கே. சாலைக் கட்டடத்துக்கு 1955இல் அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. இந்த ஊரில் கச்சேரிக்கு டிசம்பர் என்று ஒரு மாதம் அமைந்ததற்கே வித்து, ஒரு கட்சி தன் மாநாட்டை டிசம்பரில் வைத்ததுதான். திருப்பாவைக்கும் மார்கழிக்கும் உள்ள உறவு பழையது, மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி, கேன்டீனில் காபி குடித்து, எட்டு மணிக் கச்சேரிக்கு இடம் பிடிக்கும் அந்த மார்கழியைப் பெற்றெடுத்தது காங்கிரஸ் பந்தல்.

ஆக, அரசியல் நுழைந்து கெட்டுப்போக இங்கே இசை அரசியலுக்கு வெளியே எப்போது இருந்தது?

கட்டுரையாளர் பாபநாசம் சிவனின் பெயரை பக்தியோடு சொல்கிறார். மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்திய அந்த மகானின் காலம் திரும்பி வராதா என்று ஏங்குகிறார். அதே சிவன் 1939இல் ‘தியாகபூமி’ படத்தில் சம்பு சாஸ்திரியாக நடித்தார், பாட்டும் எழுதினார். கதை கல்கியுடையது, இயக்கம் கே. சுப்ரமணியம். பிரிட்டிஷ் அரசு தடைசெய்த படம். தேச சேவைக்கு அழைக்கும் பாட்டை அதில் பாடியவர் டி.கே. பட்டம்மாள். அவருக்குப் பாரதி பாட்டுகள் என்றால் உயிர். அவற்றைக் கச்சேரி மேடையிலும் பாடினார். சுதந்திரம் வந்த நாளில் சென்னை வானொலியில் அவர் குரல்தான் ஒலித்தது. பிற்காலத்தில் சிவனுக்கும் பட்டம்மாளுக்கும் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அரசியல் பாட்டுப் பாடிய குற்றத்துக்காக யாரும் அவர்களை ஒதுக்கிவைக்கவில்லை. ஒதுக்கியிருந்தால் அது அநியாயம் என்று இந்தக் கட்டுரையாளரே முதலில் கொதித்திருப்பார்.

இன்னொரு பெயர் அவர் கட்டுரையில் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ். முருகன் வேடத்தில் மயில்மேல் உட்கார்ந்து வெள்ளைக்காரனைக் கிண்டலடித்துப் பாடுவார். போலீஸ் கைது செய்யும். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். முடி திருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அதனால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க நடிகைகள் பலர் மறுத்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார். அதுவும் மார்கழிதான். அந்த மார்கழிக்கு சீசன் புத்தகங்களில் பக்கம் கிடையாது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். காங்கிரஸ் பாட்டு பாடினால் தேசபக்தி, ஜெய் பீம் பாட்டு பாடினால் துண்டறிக்கை. கட்டுரையாளருக்கு இசையில் அரசியல் இருப்பது எப்போதுமே தொந்தரவாக இருந்ததில்லை. பாடுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதுதான் தொந்தரவு. இதை அவர் நேராகச் சொல்லியிருந்தால் நானும் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்காது.

சரி, ஸ்பெயினுக்குப் போவோம். அவர் கட்டுரையில் எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி அதுதான். மயிலாப்பூரிலிருந்து பார்க்கும்போது வயேகாஸ் எவ்வளவு அழகாக இருக்கிறது!

வயேகாஸ் மாட்ரிட் நகரத்தின் தொழிலாளர் பகுதி. நம் வடசென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். 1994இல் அங்கே பிறந்த குழு ஸ்கா-பி. அரசரையும் திருச்சபையையும் காளைச் சண்டையையும் ஒருசேர வறுத்தெடுத்துப் பாடுகிறவர்கள். அந்தப் பாட்டுகள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது பி.எம்.ஜி. என்ற பன்னாட்டு இசை நிறுவனத்தின் தோள்மீது ஏறித்தான். முதலாளித்துவத்தைத் திட்டும் பாட்டை முதலாளியே அச்சடித்து விற்றார். இதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பாட்டு ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும். ஆனால் சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் காசில் பாடுவது களங்கம், பி.எம்.ஜி.யின் காசில் பாடுவது புரட்சி என்று ஒருவர் எழுதும்போது அந்தக் கணக்கை யார் போட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் மூத்தவர்கள் லா போயா ரெகார்ட்ஸ். 1979இல் பாஸ்க் நாட்டின் அகுராயின் என்ற சிறு ஊரில் தொடங்கிய குழு. பாடகர் எவாரிஸ்தோ பராமோஸ். பிராங்கோ செத்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. சர்வாதிகாரி போய்விட்டார், போலீஸும் பாதிரியாரும் பழைய நாற்காலியிலேயே இருந்தார்கள். அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் பாட்டு. கட்டுரையாளர் மெச்சும் அந்த இடைவிடாத நாற்பது வருடம் இவர்களுக்கும் இல்லை. 2003இல் கலைத்துவிட்டுப் போனார்கள், 2019இல் திரும்பி வந்தார்கள். இடையில் 16 வருடம். அந்த நாட்டில் குழுக்கள் நீண்ட நாள் நிற்பதற்குக் காரணம் வீரம் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு திருவிழா, திருவிழாவுக்கு ஒரு மேடை, பல இடங்களில் அந்த மேடைக்குக் காசு கொடுப்பது நகராட்சி. சம்பளம் வாங்கிக்கொண்டு அதே நகராட்சியைத் திட்டிப் பாடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். நம் மாநகராட்சி அப்படி ஒரு மேடையை மயிலாப்பூர் தெப்பக்குளத்தங்கரையில் போட்டுக் கொடுத்துப் பார்க்கட்டும். முதல் புகார்க் கடிதம் யாருடைய கையெழுத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு கதையும் சொல்கிறேன், கட்டுரையாளர் தேடிப் படித்திருக்க வேண்டிய கதை. நெகு கோரியாக் என்று ஒரு பாஸ்க் குழு. போதைப்பொருள் கடத்தலில் ஸ்பெயினின் சிவில் கார்டு படைக்குத் தொடர்பு இருப்பதாக எழுந்த புகாரைப் பற்றி ஒரு பாட்டு பாடினார்கள். படையின் மூத்த அதிகாரி கலிந்தோ அவதூறு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்களில் குழு தோற்றது. பெரும் தொகை இழப்பீடு கட்டச் சொன்னார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2000இல் அதே கலிந்தோவுக்கு, இரண்டு பாஸ்க் இளைஞர்களைக் கடத்திக் கொன்ற வழக்கில் தண்டனை கிடைத்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் பாட்டுக்காரர்களை விடுவித்தது. பாட்டு மேடையோடு நிற்கவில்லை, நீதிமன்றம் வரைக்கும் போனது. ஸ்பெயினில் இதைப் பார்த்தால் கட்டுரையாளர் கை தட்டுகிறார். அதே ஆள் இராயபுரத்திலிருந்து கிளம்பி வந்தால் வாசற்கதவைச் சாத்துகிறார். தூரத்து எதிர்ப்பைப் பாராட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அது நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்காது.

இனி, இது பாட்டே இல்லை என்ற குற்றச்சாட்டு. இதற்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. மற்றதெல்லாம் அபிப்பிராயம், இது அறியாமை.

வடசென்னையில் ஒரு சாவு விழுகிறது. இரவு முழுக்க ஆட்கள் விழித்திருக்க வேண்டும். கானாப் பாடகரைக் கூப்பிடுகிறார்கள். செத்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பெண்டாட்டி பிள்ளை யார், எந்தத் தெருவில் யாரோடு சுற்றினார் என்று விசாரித்துக்கொள்கிறார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும் சாகித்யம். மீதியை அவர் அங்கேயே கட்ட வேண்டும். டோலக்கோ சட்டியோ போடும் அடியில் விழுந்து, எதுகை பிடித்து, செத்தவரின் பெயரைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அழுகிற வீட்டைச் சிரிக்கவைத்து, சிரித்த வீட்டைத் திரும்ப அழவைத்து, விடியும்வரை ஓட்ட வேண்டும். நான் நிரவலும் கேட்டு வளர்ந்தவன். ஒரு வரியை எடுத்துத் தாளத்துக்குள் பத்து விதமாக வைத்துக் காட்டும் வித்வானைக் கண்டு வாயைப் பிளந்திருக்கிறேன். கானாக்காரர் செய்வது அதைவிடச் சுலபமான வேலை என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு இரவு அந்தப் பந்தலில் அவர் பாடிக் காட்டட்டும். தப்பாகப் பாடினால் சபாவைப்போல நாகரிகமாக எழுந்து கேன்டீனுக்குப் போக மாட்டார்கள்.

கானாவின் வேர்களில் ஒன்றைக் குணங்குடி மஸ்தான் சாகிபு வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. தர்கா, சித்தர் பாட்டு, நாடக மெட்டு, சினிமா மெட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தின்று வளர்ந்த இசை அது. 2017இல் இசையமைப்பாளர் டென்மாவும் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து அந்தக் கானாவையும் பறையையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 19 பேர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றும் மார்கழிதான்.

கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றதைக்கூடக் கட்டுரையாளர் கேலி செய்திருக்கிறார். டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி இவருக்கு யாராவது சொல்ல வேண்டும். நாதஸ்வரக்காரர் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடாமல் நிற்க வேண்டும் என்று இருந்த காலத்தில் ஷெர்வானி மாட்டிக்கொண்டு, கிராப்பு வைத்துக்கொண்டு, வாய்ப்பாட்டு வித்வானுக்கு உள்ள மரியாதை எனக்கும் வேண்டும் என்று நின்றவர். அந்த உடுப்பும் அன்று சிலர் கண்ணை உறுத்தியது. இன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். சீசனில் நாதஸ்வரத்துக்குக் கொடுக்கும் இடம் என்னவோ இன்றும் பெரும்பாலும் தொடக்க நாளின் மங்கள இசைதான். பந்தல் நிரம்பும்முன் வாசித்து முடித்துவிட வேண்டும்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் குழுவின் எல்லாப் பாட்டும் ஒரே தரம் இல்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டை நான் கேட்கும்போது சில இடங்களில் மேடைப்பேச்சை மெட்டில் வைத்த மாதிரி இருக்கிறது; தகவல் முன்னால் ஓடுகிறது, பாட்டு பின்னால் மூச்சு வாங்குகிறது. வடசென்னையைப் பற்றிப் பாடும்போது அப்படி இல்லை. அங்கே ஊரே பாடுகிறது. ஆனால் ஒரு சீசனில் கேட்கும் கீர்த்தனைகளெல்லாம் மட்டும் ஒரே தரமா? ராமனுக்கு அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகும் உருப்படி எத்தனை கேட்டிருக்கிறோம்? அவற்றை வைத்துக் கர்நாடக இசையே இசை இல்லை என்று யாராவது எழுதினார்களா?

கொச்சைத் தமிழ் விஷயத்துக்கு 2017இல் வந்த ‘புறம்போக்கு பாடல்’ ஒன்றே போதும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் செய்த நாசத்தைப் பற்றிய பாட்டு. கபேர் வாசுகி எழுதியது பச்சைச் சென்னைத் தமிழில். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தது ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி என்று நீளும் ராகமாலிகையில். பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா. பேகடாவுக்குச் சென்னைத் தமிழ் ஒட்டாது என்று நினைத்தவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஒட்டியது. பேகடா ஒன்றும் தீட்டுப்பட்டுச் சுருங்கிவிடவில்லை. அடுத்த கச்சேரியிலும் பழையபடி நன்றாகத்தான் இருந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் மாட்டுக்கறிப் பாட்டு கட்டுரையாளருக்குக் குமட்டலாக இருக்கிறதாம். உணவு அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கச்சேரியின் உச்சத்தில் தனியாவர்த்தனம் வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறாரே, அந்த மிருதங்கத்தின் மூட்டு எதில் கட்டியது? பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதில் உண்டு. தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வாரை இழுத்துக் கட்டி, வலந்தலையில் சுநாதம் வரும்வரை உட்கார்ந்து உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தஞ்சாவூர்த் தொழிலாளியின் கை இருந்தது. இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் கலாக்ஷேத்ராவில் வெளியிடுவதாக இருந்தது. அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, புத்தகத்தில் அரசியல் இருக்கிறது என்று காரணம் சொல்லி அனுமதியை ரத்துசெய்தது. விழா தரமணியில் இருக்கும் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. தோல் உள்ளே வரலாம், நாதம் உள்ளே வரலாம். தோலைக் கட்டியவரின் பெயர் உள்ளே வந்தால் மட்டும் அது அரசியல்.

அரசியலை வெளியே வைப்பதாக எல்லோரும் சொல்வது இதைத்தான். வாசலில் நிற்கும் காவலாளி ஆளைப் பார்த்து அனுப்புகிறார்.

சினிமாப் பணம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஸ்பெயின் வரைக்கும் போகாமல் உள்ளூரிலேயே. கட்டுரையாளர் ‘கல்கி’ பத்திரிகையைப் படித்துத் தன் இசை ரசனை வளர்ந்ததாக எழுதியிருக்கிறார். 1941இல் அந்தப் பத்திரிகை தொடங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரித்திருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து வாங்கிய சம்பளத்திலிருந்து. முசிறி சுப்ரமண்ய ஐயர் துகாராமாக நடித்தார், ஜி.என்.பி. கதாநாயகனாக நடித்தார். சினிமாக் காசு பட்டால் ரசனை கறைபடும் என்றால், கட்டுரையாளரின் ரசனைதான் முதல் கறை.

மறந்துபோன சாதியைக் கிளறுகிறார்களாம். மறந்தவர் யார்? மயிலாப்பூரிலும் தி. நகரிலும் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். சைவம் மட்டும் என்று பலகை இருக்கும். பலகை இல்லாத வீட்டில் சாப்பாட்டைப் பற்றி நேராகக் கேட்காமல் சொந்த ஊர், அப்பா பெயர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களில் உட்பிரிவு வரை அச்சாகிறது. கேட்கிறவருக்கு இது பழக்கம், அதனால் மறதி என்று தோன்றுகிறது. பதில் சொல்ல வேண்டியவருக்கு ஒரு நாளும் மறக்க வாய்ப்பில்லை. சாதியில்லாதவர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வதும் இறக்குமதிச் சரக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என வாதாடிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியது இராயப்பேட்டையில். மியூசிக் அகாடமியிலிருந்து நடந்தே போய்விடலாம். அகாடமிக்கு இருபது வருடம் மூத்த பத்திரிகை அது. யார் யாருடைய இடத்துக்குப் பிறகு வந்தார்கள் என்று பேச ஆரம்பித்தால் கட்டுரையாளருக்குத்தான் சங்கடம்.

அப்புறம் அந்த யோசனை, தனியாக ஓர் இடம் பார்த்துக்கொண்டு பாடுங்கள் என்பது. பார்த்துக்கொண்டார்களே! பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் விழா எடுத்தபோது கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. மீனவக் குப்பத்துக்குக் கச்சேரி எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டார்கள். நீலம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாட்டு என்று சபாக்காரர்கள் காது கொடுக்காததற்கெல்லாம் ஒரு மேடை. யாருடைய சபா நேரத்தையும் பிடுங்கவில்லை, யாருடைய கேன்டீன் இலையிலும் கை வைக்கவில்லை. அதற்கும் மார்கழி என்ற சொல்லை ஏன் எடுத்தார்கள் என்று இவருக்கு வருத்தம். மாதத்தைக் கிரயம் செய்துகொண்ட பத்திரம் எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது என்று சொன்னால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கலாம்.

கடைசியாக இசைவாணி விவகாரம். கட்டுரையின் மிக மோசமான பத்தி அதில்தான் இருக்கிறது.

இராயபுரத்தில் பிறந்த இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்து நின்றவர். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தொடங்கியபோது அதில் இருந்த ஒரே பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி, கோயிலுக்குள் பெண் வருவதைப் பற்றிக் கேள்வி கேட்டு அவர் ஒரு பாட்டு பாடினார். பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அது திடீரென்று சிலர் மனதைப் புண்படுத்தியது. காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. அவருக்கு ஆபாசமான மிரட்டல்கள் வந்தன. இந்த எதிர்வினை இயல்புதான், தெய்வத்தைக் கேள்வி கேட்டால் வேறென்ன நடக்கும் என்கிறார் கட்டுரையாளர்.

தெய்வத்தைக் கேள்வி கேட்காத பாட்டு நம்மிடம் எது? சுந்தரர் சிவனோடு சண்டை போடுகிறார். தியாகராஜர் ராமனைத் திட்டித் தீர்க்கிறார். நிந்தாஸ்துதி என்று ஒரு வகையே உண்டு. இவற்றையெல்லாம் விடுங்கள், நந்தனாரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ‘நந்தன் சரித்திரக் கீர்த்தனை’ செய்தார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவரே படைத்தார், நந்தனைப் போகவிடாமல் தடுக்கும் பண்ணையார் வேதியரை. மூலத்தைத் திருத்தி அரசியலை நுழைத்தார் என்று சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனபோது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூலில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று முதலில் தட்டிக்கழித்தார். கொச்சை என்ற குற்றச்சாட்டு அன்றே தயாராக இருந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்து பாரதி பாடியதைக் கேட்டதும் பிள்ளையவர்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பாயிரமும் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் இதை எழுதிவைத்திருக்கிறார். மகாவித்வானுக்குக் காது இருந்தது.

அந்த நந்தன் சரித்திரத்தில் மாஞ்சி ராகத்தில் ஒரு கீர்த்தனை. உள்ளே வரலாமா என்று ஒரு பறையர் தெய்வத்திடம் கேட்கும் கீர்த்தனை. மயிலாப்பூர் சபாக்களில் அதைப் பாடாத சீசன் அபூர்வம். கட்டுரையாளரும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார், தன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், உண்மையான பக்தி இசைக்கு உதாரணமாக. அதைக் கேட்கும்போதெல்லாம் கண் கலங்கிவிடும் என்கிறார். அதற்கு இரண்டு பத்தி தள்ளி இசைவாணிக்கு வந்த மிரட்டல் இயல்பு என்கிறார். கேட்பது அதே கேள்வி. ஒருவர் கற்பனையில் நெருப்பில் இறங்கிச் சுத்தமாகிக் கரைந்துபோன நந்தன். இன்னொருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நேரில் நிற்கும் பெண், பதில் வாங்காமல் போக மாட்டேன் என்கிறவர்.

மார்கழி முழுவதையும் கட்டுரையாளரே வைத்துக்கொள்ளட்டும். கேன்டீன் சாப்பாடு, முன்வரிசை நாற்காலி, தனியாவர்த்தனம், எதையும் யாரும் கேட்கவில்லை. இப்படி எழுதிய பிறகு, மாஞ்சியில் அந்தக் கீர்த்தனையைக் கேட்டு அழும் உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுத்துவிடலாம்.